அமெரிக்கப் பொதுநிலத்தில் அதிக எண்ணெய்க் குத்தகை: உற்பத்தி எப்போது கூடும்?

குழாய்வழி:
2025 ஜூலைச் சட்டப்படி நியூ மெக்சிகோ, வயோமிங் உள்பட 9 மாநிலங்களில் மத்திய அரசு நிலத்தைக் குத்தகைக்கு விட ஆண்டுக்கு 4 ஏலமாவது நடத்தியாக வேண்டும். எடுக்கும் எண்ணெயின் மதிப்பில் அரசுக்குத் தரும் பங்கான ராயல்டியும் 16.67 சதவீதத்திலிருந்து பழைய 12.5க்கே இறங்கிவிட்டது. அடுத்த ஆண்டே உற்பத்தி கூடும் என்று கணக்குப் போடலாமா?

கரிசல்காடு:
போடக் கூடாது. ஏலத்தில் கிடைப்பது 10 ஆண்டுக் குத்தகை மட்டும்தான். கிணறு தோண்ட, மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தை 30 நாள் பொதுப்பார்வைக்கு வைப்பார்கள், இடத்தை நேரில் பார்ப்பார்கள், சுற்றுச்சூழல் ஆய்வும் உண்டு. அதன் பிறகுதான் துளையிடும் ரிக் இயந்திரம் வரும். குத்தகை எடுத்துவிட்டு, தோண்டாமல் வாடகை மட்டும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். முதல் 2 ஆண்டுகளுக்கு வாடகை ஏக்கருக்கு ஆண்டுக்கு 3 டாலர்தானே!

தோண்டுவதா வேண்டாமா என்பதை விலைதான் முடிவு செய்கிறது. டல்லஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் 2025 கருத்துக்கணிப்பில், புதுக் கிணறு லாபம் தரச் சராசரியாகப் பேரலுக்கு 65 டாலர் வேண்டும் என்றன நிறுவனங்கள். இறுகிய பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் ஷேல் கிணற்றில் முதல் ஆண்டிலேயே வரத்து பாதிக்கும் கீழே போய்விடும். இருக்கும் அளவைக் காப்பாற்றவே தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

நிலவரி:
பெரும்பகுதி சரி. ஆனால் நியூ மெக்சிகோவின் லீ, எடி மாவட்டங்களை இதே கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே தனியார் நிலமும் அரசு நிலமும் கட்டம் கட்டமாகக் கலந்து கிடக்கின்றன. நிலத்தடியில் பக்கவாட்டில் போகும் 2 மைல் கிடைத்துளை, மத்திய அரசுக்குச் சொந்தமான எண்ணெய்ப் படுகை ஒன்றைத் தொட்டாலே, கிணற்றுவாய் தனியார் நிலத்தில் இருந்தாலும் மத்திய அனுமதி வேண்டும். அனுமதி தாமதமானால் மொத்தக் கிணறும் நிற்கும். புதுச் சட்டம் அனுமதியின் ஆயுளை 4 ஆண்டாக்கியிருப்பதுதான் அங்கே உண்மையான மாற்றம்.

இழப்பையும் பாருங்கள். 65 டாலர் பேரலில் ராயல்டி 10.83 டாலரிலிருந்து 8.13 ஆகிறது. அந்த 2.70இல் ஏறத்தாழ பாதி மாநிலத்தின் பங்கு.

கரிசல்காடு:
அந்த மாவட்டங்களுக்கு அது பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். அனுமதி கிடைத்தாலும் அங்கே இடிப்பது உப்புநீரும் வாயுவும். ஒரு பேரல் எண்ணெயோடு பல பேரல் உப்புநீர் வருகிறது. அதை ஆழத்தில் திரும்பச் செலுத்தும் இடங்களில் நிலநடுக்கம் வந்து கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள். வாயுவைக் கொண்டுபோகக் குழாய் போதாதபோது மேற்கு டெக்சாஸின் வாஹா வாயுச் சந்தை மையத்தில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கிறது. ஏலச் செய்தியை விடுங்கள். ரிக் எண்ணிக்கையையும் புதுக் குழாய் திறக்கும் தேதியையும் பாருங்கள்.