பள்ளிக்கு நடந்தும் சைக்கிளிலும் போகும் பிள்ளைகள்: உங்கள் தெருவில் என்ன நடந்தது?

காட்பாடி அம்மா:

என் மகளுக்கு எட்டு வயது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் பத்து நிமிட நடை. போன ஜூலையில் ஒரு நாள் காலை, பள்ளி வாசலுக்கு முப்பது அடி முன்னால் ஒரு பைக் அவளை இடித்துத் தள்ளிவிட்டது. முட்டியில் நான்கு தையல், நல்லவேளை அதோடு போனது. ஓட்டி வந்ததும் ஒரு கல்லூரிப் பையன்தான். கை நடுங்க எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, தையல் போட்டு முடிக்கும் வரை வெளியே நின்றிருந்தான்.

எனக்கு இன்னும் ஆறாதது அதற்கப்புறம் நடந்ததுதான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பிள்ளையிடம் ஒரே கேள்வி கேட்டார்கள்: "ரெண்டு பக்கமும் பாத்துத் தாண்ட வேணாமா பாப்பா?" நானும் கேட்டேன். "பாத்தேம்மா, வண்டிதான் தெரிஞ்சுது" என்றாள். எந்த வண்டியைச் சொல்கிறாள் என்று விளங்கவில்லை. மறுநாள் அதே நேரத்துக்குப் போய், அவள் நின்ற இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். அங்கே தினமும் சரக்கு இறக்க ஒரு குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) நிற்கும். எழுந்து நின்றால் அதன் கண்ணாடி வழியாக அந்தப் பக்கம் வரும் வண்டி எனக்குத் தெரிகிறது. உட்கார்ந்தால் தகரம் மட்டும்தான். சாலைக்குள் இரண்டடி இறங்கிய பிறகுதான் அவள் கண்ணுக்கு எதிரே வருவது தெரியும். அந்த இரண்டடியில்தான் பைக் வந்திருக்கிறது.

சரி, ஓரமாக நடந்திருக்கலாமே என்றால், ஓரத்தில் கால்வாய். மேலே போட்ட சிலாப் மூன்று இடத்தில் உடைந்து கிடக்கிறது. எந்தப் பிள்ளையும் அதில் கால் வைப்பதில்லை.

உங்கள் பிள்ளைகளுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். இடம் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி ஆட்டோ:

அக்கா, நான் பதினோரு வருடமாக ஸ்கூல் சவாரி ஓட்டுகிறேன். ஓட்டுகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நான் வழக்கமாகப் போகும் ஒரு சாலை முன்பு குண்டும் குழியுமாக இருந்தது. இருபதைத் தாண்டி யாராலும் ஓட்ட முடியாது. புதிதாகத் தார் போட்டார்கள், அகலமும் ஆனது. அடுத்த வாரமே என் வண்டி அங்கே நாற்பத்தைந்தில் போய்க்கொண்டிருந்தது. நான் முடிவு செய்து போகவில்லை, நேராக நீண்டு கிடக்கும் ரோட்டைப் பார்த்ததும் கை தானாக முறுக்குகிறது. ஒரு நாள் சைக்கிளில் ஒரு பையன் குறுக்கே வந்தான். பிரேக் பிடித்து வண்டி நின்றபோது அவன் சக்கரத்துக்கும் எனக்கும் ஒரு முழம்தான் இருந்தது. அன்றைக்கு முழுக்க என்னால் சாப்பிட முடியவில்லை.

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடுகிறது. 30-இல் போனால் 8 மீட்டர் சொச்சம். பிள்ளையைக் கண்டு நாம் பிரேக்கை மிதிக்கவே ஒரு நொடி ஆகிவிடும்.

இன்னொன்று தெருமுனை. பழைய தெருக்களில் முனை சதுரமாக இருக்கும், வேகத்தைக் குறைக்காமல் திரும்ப முடியாது. புதிய நகர்களில் முனையை வளைத்து அகலமாக விட்டிருக்கிறார்கள், அதே வேகத்தில் திரும்பிவிடலாம். தாண்டப் போகும் பிள்ளைகள் அந்த முனையில்தான் நிற்கிறார்கள்.

குடியாத்தம் டீச்சர்:

நான் மேல்நிலை வகுப்பு எடுப்பவள். பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் இலவச சைக்கிள் என் மாணவிகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். டவுன் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைக்கு லீவு என்றிருந்த பிள்ளைகள் அவர்கள். அதனால் சைக்கிளே வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

போன வருடம் என் வகுப்புப் பெண் ஒருத்தி கை உடைந்து வந்தாள். பின்னால் பஸ் ஹாரன் அடித்திருக்கிறது, ஒதுங்கியிருக்கிறாள். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் ஒரு சாண் பள்ளம். முன்சக்கரம் இறங்கிவிட்டது. மேலே ஏற்றப் பார்த்தபோது சக்கரம் தார் விளிம்பில் உராய்ந்து, ஆள் சாலைப் பக்கமாகவே விழுந்தாள். பஸ் டிரைவர் கெட்டிக்காரர், நிறுத்திவிட்டார்.

அந்தப் பள்ளம் எப்படி வந்தது? பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார், அதற்கு மேல் இன்னொரு தார். சாலை மேலே போகிறது, ஓரம் அங்கேயே நின்றுவிடுகிறது. வீட்டு வாசலுக்குள் மழைத் தண்ணீர் வருகிறது என்று பெரியவர்கள் புகார் கொடுக்கிறோம். சைக்கிள் பிள்ளைக்காக யாரும் கொடுப்பதில்லை.

பாகாயம் தாத்தா:

என் பேரனை நான்தான் கூட்டிப்போவேன். நம் ஊர் வெயில் தெரியும்தானே. பள்ளிக்கு எதிரே வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள், அங்கே ஒரு நிழல் கிடையாது. ஐம்பது அடி தள்ளி இரண்டு புங்க மரம். பிள்ளைகள் எல்லாம் அந்த நிழலில் நின்று அங்கேயே தாண்டுகின்றன. போலீஸ்காரர் விரட்டுகிறார். அந்தக் கோட்டை மரத்தடிக்குக் கொண்டுவந்தால் போதும் என்று எனக்குப் படுகிறது.

ராணிப்பேட்டை சாலைப்பணி:

சாலை வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். டீச்சர் சொல்வது சரி. பழைய தாரைச் சுரண்டிவிட்டு அதே மட்டத்தில்தான் புதிய தார் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டார். வேலை நடக்கும் நாளில் நேரில் போய் நின்று கேளுங்கள். தார் காய்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

நடைபாதைக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் (சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் அமைப்பு) அளவு வைத்திருக்கிறது. இடைஞ்சல் ஏதும் இல்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நம் ஊரில் முழங்கால் உயரத்துக்குக் கட்டிவிட்டு, நடுவில் டிரான்ஸ்பார்மரையும் வைத்துவிடுகிறோம். பிள்ளை எப்படி ஏறும்?

அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது தெருக்காரர்கள் தாங்களே போடும் வேகத்தடை. விபத்து நடந்த கோபத்தில் ராத்திரியோடு ராத்திரியாகச் சிமென்டைக் குவித்துவிடுகிறார்கள். கணக்குப்படி அது 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். வண்டிகள் 25 கிலோமீட்டர் வேகத்தில் அமைதியாகக் கடந்துபோகும். நாம் போடுவது ஒன்றரை அடி அகலத்தில் ஒரு சுவர். மழைத் தண்ணீர் போக இரண்டு ஓரத்திலும் சந்து விடுவோம். பைக்காரர்கள் தடையில் ஏறாமல் அந்தச் சந்தில் நுழைந்து போகிறார்கள், பிள்ளைகள் நடப்பதும் அதே சந்தில். வேகத்தடை போட்ட இடத்திலேயே பிள்ளை அடிபட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளி வாசலுக்கு நல்லது, ஜீப்ரா கோட்டையே மேடாக்கி இரண்டு பக்க நடைபாதையோடும் சமமாகச் சேர்ப்பது. பிள்ளை சாலைக்குள் இறங்க வேண்டியதில்லை, வண்டிதான் மேடேற வேண்டும். செலவும் பெரிதில்லை.

சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வடிவமைப்பிலோ கட்டுமானத்திலோ பராமரிப்பிலோ விதிப்படி நடக்காமல் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ, பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மனு எழுதும்போது இந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிடுங்கள், படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

காந்தி நகர் கடைக்காரர்:

எல்லாம் சரி. பள்ளி வாசலில் வண்டியே நிறுத்தக் கூடாது என்றால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது? சரக்கு எங்கே இறக்குவோம்? இதையும் யோசிக்க வேண்டும்.

சத்துவாச்சாரி ஆட்டோ:

அண்ணே, நாள் முழுக்க வேண்டாம். காலையில் முக்கால் மணி நேரம், சாயங்காலம் முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் என் ஆட்டோவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாங்களும் வாசலை அடைத்துக்கொண்டுதான் நிற்கிறோம். இருநூறு அடி தள்ளி இறக்கிவிட்டால் பிள்ளைகள் நடந்து போய்விடும், நடக்க இடம் இருந்தால்.

காட்பாடி அம்மா:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ஆறு பெற்றோர் சேர்ந்து திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். ராணிப்பேட்டை சார் சொன்ன அளவுகளையும் 198ஏ-வையும் எழுதினோம். நான் குத்துக்காலிட்டு எடுத்த போட்டோவையும் நின்றபடி எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். வாங்கிக்கொண்ட அதிகாரி அந்த இரண்டு படத்தையும்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

மேடான ஜீப்ரா இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறோம். உடைந்த சிலாப் மூன்றில் இரண்டு மாற்றிவிட்டார்கள். குட்டியானை அண்ணனிடம் நானே போய்ப் பேசினேன். படத்தைக் காட்டியதும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஏழு மணிக்கே சரக்கை இறக்கிவிட்டுப் போகிறார்.

மகள் ஒரு மாதம் நடக்க மாட்டேன் என்று அழுதாள், வண்டியில்தான் கொண்டுவிட்டேன். இந்த வாரம் மறுபடி நடக்க ஆரம்பித்திருக்கிறோம். புது சிலாப் வரைக்கும் என் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடுகிறாள். மாற்றாத அந்த மூன்றாவது சிலாப் வந்ததும் நின்று, என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.