நிறமாலைமானியில் ஒளிவிலகல் எண் 1.62 வருகிறது, எங்கே இடிக்கிறது?

கேள்வி:
முப்பட்டகக் கோணம் அளக்கும்போது இரண்டு எதிரொளிப்புப் பிம்பங்களுக்கும் இடையே வெர்னியர் (கோணத்தை நுணுக்கமாகப் படிக்கும் அளவுகோல்) 1-இல் 120°4' வருகிறது, வெர்னியர் 2-இல் 239°56'. எதை எடுத்துக்கொள்வது? சரி, முதலாவதை நம்பி, அதில் பாதியான A = 60°2' என்று முப்பட்டகக் கோணத்தை வைத்துக்கொண்டு சோடியம் விளக்கில் சிறும திசைமாற்றக் கோணம் D (கதிர் மிகக் குறைவாகத் திரும்பும் கோணம்) பார்த்தால் 48°20', அதாவது ஒளிவிலகல் எண் 1.62. கண்ணாடிக்கு 1.52 என்றுதானே படித்தோம்? அப்படியானால் D 39° பக்கத்தில் அல்லவா இருக்க வேண்டும்.

பதில் 1:
வெர்னியர் 2-இல் ஒன்றும் கோளாறு இல்லை. தொலைநோக்கியைத் திருப்பும்போது அது 360°-ஐத் தாண்டிப் போயிருக்கும். 360-இலிருந்து கழித்துப் பாருங்கள், அதே 120°4'.

பதில் 2:
D-க்கு வருவோம். மேடையை மெதுவாகத் திருப்பிக்கொண்டே தொலைநோக்கியில் பிம்பத்தைத் துரத்திப் போனீர்களா? அது ஓரிடத்தில் நின்று, வந்த வழியே திரும்ப வேண்டும். அந்த இடத்தில் மேடையை இறுக்கி, நுண்திருகால் குறுக்குக் கம்பியைப் பிளவின் பிம்பத்தில் பொருத்திப் படிக்க வேண்டும். அப்புறம் முப்பட்டகத்தை எடுத்துவிட்டு நேர்க்கதிர் அளவீடு.

கேள்வி கேட்டவர்:
அப்படியேதான் செய்தேன். மறுபடியும் பார்த்துவிட்டேன், இரண்டு வெர்னியரிலும் 48°20'.

பதில் 2:
அப்படியானால் அளவீட்டைச் சந்தேகப்படாதீர்கள். சிறுமத்திலிருந்து மேடை 3° பிசகினாலும் D கால் டிகிரிகூட ஏறாது, 9° எல்லாம் கைப்பிசகில் வராது. உங்களிடம் இருப்பது ஃபிளிண்ட் (ஒளியை அதிகம் வளைத்து, நிறங்களையும் அதிகம் பிரிக்கும் வகை) கண்ணாடியாக இருக்கும். 1.52 என்பது கிரௌன் கண்ணாடிக்கு, ஃபிளிண்டில் 1.62 சர்வசாதாரணம். பாதரச விளக்கு இருந்தால் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் (435.8 நானோமீட்டர்) D எடுங்கள். கிரௌனில் வித்தியாசம் 1°-க்குள் அடங்கிவிடும், ஃபிளிண்டில் 2° பக்கம் போகும். ஒவ்வொரு நிறத்துக்கும் சிறுமத்தைத் தனியாகப் பிடிக்க வேண்டும், மஞ்சளுக்கு இறுக்கிய நிலையிலேயே நீலத்தையும் படித்துவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மஞ்சள் 48°25', நீலம் 50°23'. பிளவை நன்றாகக் குறுக்கியதும் மஞ்சளே இரண்டு கோடாகப் பிரிந்து தெரிகிறது. பதிவேட்டில் ஃபிளிண்ட், 1.62 என்று எழுதிவிட்டேன். நன்றி.