மாஸ்க்குக்குள் தண்ணீர் வருகிறது, சனிக்கிழமை புறாமலைப் பயணம். உதவி தேவை

கல்லடிக் காற்று (வியாழன், இரவு 9.12)
வணக்கம், அவசரம். சனிக்கிழமை விடியப் புறத்தில் மட்டக்களப்பிலிருந்து நிலாவெளிக்கு வெளிக்கிடுகிறோம். அங்கிருந்து ஸ்பீட் போட்டில் புறாமலைத் தீவு, பிறகு ஸ்நோர்க்லிங், அதுதான் மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் போட்டுக் குப்புற மிதந்து மீன் பார்ப்பது. வழிகாட்டி, பகல் சாப்பாடு எல்லாம் சேர்த்துக் காசும் கட்டியாயிற்று. பழகிப் பார்க்கலாம் என்று போன ஞாயிறு பாசிக்குடாவில் இறங்கினேன். மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் மூக்கு வரை நிறைந்துவிடுகிறது. பட்டியை இறுக்கியும் பார்த்தேன், சரிவரவில்லை. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

வாவிக்கரை (9.25)
தம்பி, மாஸ்க் சொந்தமா, வாடகையா? தண்ணீர் எந்தப் பக்கத்தால் வருகிறது, மேலாலா, கீழாலா, பக்கத்தாலா? விளிம்பு சிலிக்கனா, கடினமான பிளாஸ்டிக்கா? சாதாரணமாக மூக்குக்கண்ணாடி போடுகிறவரா? இவ்வளவும் தெரியாமல் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

தாழங்குடா (9.31)
புது மாஸ்க் என்றால் பற்பசைதான் மருந்து. ஜெல் இல்லாத வெள்ளைப் பற்பசையைக் கண்ணாடியின் உள்பக்கம் விரலால் நன்றாகத் தேய்த்து, கழுவி, திரும்பவும் தேய்க்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது மெல்லிய படலம் ஒன்று ஒட்டியிருக்கும், அது போனால் எல்லாம் சரி. நான் மூன்று மாஸ்க்குக்கு இப்படித்தான் செய்தேன்.

வாவிக்கரை (9.34)
தாழங்குடா, நீங்கள் சொல்வது கண்ணாடியில் ஆவி படிந்து புகார் பிடிப்பதற்கு. தம்பி கேட்பது தண்ணீர் ஒழுகுவதைப் பற்றி.

தாழங்குடா (9.36)
இரண்டும் ஒன்றாகத்தான் வரும். புகார் பிடித்தால் மாஸ்க்கைத் தூக்கித் தூக்கித் துடைப்போம், அப்போதுதான் தண்ணீர் உள்ளே போகும். பற்பசையை விடாதீர்கள்.

ஆழ்கடல் (9.50)
ஒவ்வொரு வருடமும் கடல் அடங்கியதும் இதே கேள்வி வருகிறது. பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். பதினைந்து வருடமாகச் சுழியோடுகிறேன். நம் கரைக்கு வெளியே 50 மீற்றருக்கும் கீழே கிடக்கும் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் வரை போய் வந்தவன், 1942 ஏப்ரல் 9இல் யப்பானியர் மூழ்கடித்தது. எனக்கு இன்றுவரை மாஸ்க் ஒழுகியதில்லை. பட்டியை இறுக்குவதுதான் எல்லோரும் விடுகிற பிழை. இறுக்க இறுக்க விளிம்பு நெளிந்து இடைவெளி விடும். பட்டி காதுக்கு மேலே, தலையின் பின்மேட்டில் இருக்க வேண்டும், கழுத்துப் பக்கம் இறங்கக் கூடாது. தண்ணீருக்குள் போனதும் தண்ணீரின் அழுத்தமே மாஸ்க்கை முகத்தோடு பிடித்துக்கொள்ளும். அடிப்படை இது. இதைக் கூடத் தெரியாமல் ஆழக் கடலுக்கு வெளிக்கிடக் கூடாது.

கல்லடிக் காற்று (10.05)
நன்றி அண்ணன். சொந்த மாஸ்க், கொழும்பில் வாங்கியது. பெட்டியில் சிலிக்கன் என்று போட்டிருக்கிறது. தண்ணீர் கீழ்ப்பக்கத்தால் வருகிறது. பட்டியைத் தளர்த்தி, நீங்கள் சொன்ன மாதிரி மேலே வைத்து, இப்போது வாளித் தண்ணீருக்குள் முகத்தை வைத்துப் பார்த்தேன். வருகிறதுதான். கொஞ்சம் மெதுவாக வருகிறது.

ஓட்டமாவடியான் (10.20)
தம்பி, முழு முக மாஸ்க் ஒன்று என்னிடம் இருக்கிறது. முகம் முழுக்க மூடும், மூக்காலும் வாயாலும் மூச்சு விடலாம், குழாயைக் கடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. போகும் வழியில் ஓட்டமாவடியில் நிறுத்தினால் தருகிறேன். ஞாயிறு திருப்பித் தந்தால் போதும், காசு ஒன்றும் வேண்டாம்.

ஆழ்கடல் (10.28)
அதை வாங்காதீர்கள். அந்த மாஸ்க்கின் உள்ளே இடம் கூட. விட்ட மூச்சு முழுவதும் வெளியே போகாமல் தங்கி, அதையே திரும்ப இழுக்க வேண்டி வரும். வேகமாக மூச்சு வாங்குகிற நேரத்தில் தலைசுற்றும். பதற்றத்தில் வாயிலிருந்து குழாயைத் துப்பிவிடுவது போல் இதைக் கழற்றவும் முடியாது. முதல் தடவை ஆழத்துக்கு மேலே மிதக்கப் போகிறவருக்கு இதைக் கொடுப்பது சரியில்லை.

ஓட்டமாவடியான் (10.41)
என் பிள்ளைகள் இரண்டு வருடமாகப் போடுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நீங்கள் சொன்னதை யோசிக்கத்தான் வேண்டும். நாங்கள் இடுப்பளவு தண்ணீரில்தான் போடுகிறோம், பாசிக்குடாவில் எவ்வளவு தூரம் நடந்தாலும் ஆழம் வராதே. புறாமலையில் அப்படியில்லை. தம்பி, என் மாஸ்க்கை விடுங்கள்.

மருதமுனை நெசவு (10.55)
தம்பி, மீசை இருக்கிறதா?

இத்தனை பேர் பதில் எழுதியும் இதை யாரும் கேட்கவில்லையே. கீழ்ப்பக்கத்தால் வருகிறது, பட்டியைத் தளர்த்தியும் வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். மாஸ்க்கின் கீழ் விளிம்பு மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையில்தான் உட்காரும். அந்த இடத்தில் மயிர் இருந்தால் சிலிக்கன் தோலில் ஒட்டாது. ஒவ்வொரு மயிரும் ஒரு திரி போல. அதன் வழியே தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஏறும். என் கணவருக்கு நாடி நிறையத் தாடி, அதனால் ஒரு தொல்லையும் வந்ததில்லை, மாஸ்க் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. மீசை ஒரு மாதம் வளர்ந்திருந்தபோதுதான் இதே கதை வந்தது. அறுகம்பைக்குப் போய் அரை நாளும் மாஸ்க்கைக் கழற்றித் தண்ணீர் ஊற்றியதுதான் மிச்சம். மறுகா மூக்குக்கு நேர் கீழே ஒரு கோடு மழித்தார், ஒரு பென்சில் தடிப்பு இருக்கும். உதட்டோரம் மீசை அப்படியே இருந்தது, பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். அதற்குப் பிறகு ஒரு துளி வரவில்லை.

சோதிக்க வாளி தேவையில்லை. பட்டியைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெதுவாக இழுங்கள். கையை எடுத்தாலும் அது விழாமல் நிற்க வேண்டும். முன்மயிர் விளிம்புக்குள் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். கூட வருகிற பெண்களுக்கு இதையும் சொல்லுங்கள், காதோரத்து முடி ஒன்று உள்ளே போனாலே போதும்.

தாழங்குடா (11.02)
மீசையை எடுக்காமல் அதன் மேல் வசலின் பூசினால் என்ன?

மருதமுனை நெசவு (11.08)
பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கை கண்ணாடியில் பட்டால் எண்ணெய்ப் படலம் பிடித்து ஒன்றும் தெரியாது. ரப்பர் விளிம்பு என்றால் அதையும் கெடுத்துவிடும். மழிப்பது ஐந்து நிமிட வேலை, மயிர் திரும்ப வளரும்.

பனிச்சங்கேணி (11.30)
மாஸ்க் கதை முடிந்தது என்றால் நான் ஒன்று கேட்கிறேன். மட்டக்களப்பில் இருந்துகொண்டு மூன்று மணித்தியாலம் ஓடி நிலாவெளிக்கு ஏன் போகிறீர்கள்? எங்கள் காயான்கேணி முருகைப் பாறை (பவளப் பாறை) உங்களுக்குத் தெரியாதா? திருகோணமலை வீதியில்தான் இருக்கிறது, வாகரைக்கு வரத் தேவையில்லை. 2019இல் கடல் சரணாலயம் என்று வர்த்தமானியில் அறிவித்ததும் அதைத்தான். கோமாளி மீன், கிளிமீன், ஆமை எல்லாம் அங்கேயும் உண்டு. இங்கே வருகிற காசு எங்கள் ஊர்ப் படகுக்காரனுக்குப் போகும்.

வாவிக்கரை (11.44)
ஊர்ப்பற்று நல்லது. ஆனால் தயவு செய்து எல்லோரையும் அங்கே கூப்பிடாதீர்கள். புறாமலை 2003இல் தேசியப் பூங்கா ஆனது. வனசீவராசிகள் திணைக்களத்தில் அனுமதிச்சீட்டு எடுத்துத்தான் போக வேண்டும், ஆட்களும் காவலுக்கு நிற்கிறார்கள். அப்படியிருந்தும் லீவு நாளில் கரையோரத்து முருகையைச் சனம் மிதிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூச்சு வாங்க எழுந்து நிற்பார்கள், காலுக்குக் கீழே முறிவது அவர்களுக்குத் தெரியாது. குண்டாக வளர்கிற முருகை வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். ஒரு ஆள் நின்றால் என் வயதுக் கல் போய்விடும். காயான்கேணிக்கு பஸ் பஸ்ஸாக ஆள் போனால் ஐந்து வருடத்தில் என்ன மிஞ்சும்?

பனிச்சங்கேணி (11.58)
அப்போ திருகோணமலைக்காரன் பிழைக்கலாம், நாங்கள் பாறையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா? எங்கள் அப்பா காலத்தில் கல்குடாப் பக்கம் முருகைக்கல்லை உடைத்துச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பு எரித்தார்கள். அதை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினோம். வலை போடாதே என்றால் போடவில்லை. பாறையைக் காப்பாற்றுகிறவனுக்கு அந்தப் பாறையால் ஒரு வருமானம் இருந்தால்தானே காப்பான்? பத்துப் பேரோடு, லைஃப் ஜாக்கட் போட்டு, மிதிக்க விடாமல் கூட்டிப் போக எங்களுக்கும் தெரியும்.

வாவிக்கரை (வெள்ளி, காலை 6.10)
பத்துப் பேர் என்றால் நானே வருகிறேன். பத்து நூறாகும்போது யார் மறிப்பது என்பதுதான் என் பயம்.

ஆழ்கடல் (6.40)
1998இல் கடல் சூடேறி, தெற்கிலும் மேற்கிலும் முருகைகள் வெளுத்துச் செத்தன. ஹிக்கடுவையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. கடல் விட்டுவைத்ததை மனிதன் காலால் முறிக்கிறான். இரண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன், பாண் போடுகிற பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். சில படகுக்காரர்கள் மீனைக் கூட்டிக் காட்டுவதற்குப் பாண் துண்டு வீசுகிறார்கள். கிளிமீன் போன்றவை முருகையில் படர்கிற பாசியைத் தின்று துப்புரவாக்க வேண்டியவை. பாணுக்குப் பழகினால் பாசி முருகையை மூடிவிடும்.

தாழங்குடா (6.52)
பிள்ளைகள் மீனைக் கிட்டப் பார்க்கட்டும் என்றுதானே ஒரு துண்டு போடுகிறோம். ஒரு இறாத்தல் பாணால் கடல் கெட்டுவிடுமா?

பனிச்சங்கேணி (7.05)
ஒரு குடும்பம் ஒரு இறாத்தல். ஞாயிற்றுக்கிழமை எத்தனை குடும்பம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள் அண்ணன். இந்த விடயத்தில் நான் ஆழ்கடல் பக்கம். பாண் போடாமல் அசையாமல் மிதந்தாலே மீன் தானாக வரும்.

வாவிக்கரை (7.30)
கல்லடிக் காற்றைக் காணவில்லை. மூக்குக்கண்ணாடி போடுகிறவரா என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. போடுகிறவர் என்றால் காது வைத்த கண்ணாடியோடு மாஸ்க் ஒருநாளும் மூடாது, அதையும் சொல்லி வைக்கிறேன். நீந்தத் தெரியுமா என்றும் சொல்லவில்லை.

நாளைக்குப் போகிறவர் என்பதால் இன்னொன்று. கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மேற்கிலிருந்து, தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று அது. கரையில் நின்று பார்த்தால் கடல் கண்ணாடி போலக் கிடக்கும், அதை நம்பக் கூடாது. குப்புற மிதந்துகொண்டு மீனைப் பார்க்கிறவரை அந்தக் காற்றே வெளியே தள்ளிக்கொண்டு போகும், அவருக்கே தெரியாது. காலை நேரத்தில் இறங்குங்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கித் தீவையும் படகையும் பாருங்கள். வழிகாட்டி ஒருவர்தான் என்றால் அவர் தண்ணீருக்குள் வருகிறாரா, படகிலேயே இருக்கிறாரா என்று ஏறுமுன் கேளுங்கள். நீந்தத் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கட்டைக் கழற்ற வேண்டாம்.

ஓட்டமாவடியான் (7.48)
ஸ்பீட் போட்டில் பின்பக்கமாக இருங்கள். முன்பக்கம் அலைக்கு அலை தூக்கி அடிக்கும், முதுகு வலிக்காரருக்குக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம்தான். தீவில் மணல் குறைவு, முறிந்த முருகைத் துண்டுதான் கூட, வெறுங்காலோடு இறங்கினால் வெட்டும். அந்தத் துண்டில் ஒன்றைக் கூட ஞாபகத்துக்கு என்று எடுத்து வர வேண்டாம், பூங்காவில் அது குற்றம்.

கல்லடிக் காற்று (வெள்ளி, இரவு 8.15)
வேலையில் மாட்டிக்கொண்டேன், மன்னிக்கவும். ஓம் அக்கா, மீசை இருக்கிறது. நல்ல தடிப்பு. கலியாணத்துக்கு முன்பிருந்து வைத்திருக்கிறேன், அது ஒரு காரணமாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. மூக்குக்கண்ணாடி இல்லை. நீந்தத் தெரியும், வாவியில் பழகியது. நீங்கள் சொன்ன சோதனையைச் செய்தேன். கையை எடுத்ததும் மாஸ்க் விழுந்தது. மனைவியின் முகத்தில் வைத்துப் பார்த்தேன், அவ சிரிக்கிற வரைக்கும் விழவில்லை.

மருதமுனை நெசவு (8.22)
அதுவும் ஒரு பாடம் தம்பி. சிரித்தால் கன்னம் மடியும், அந்த மடிப்பால் தண்ணீர் வரும். மீனைக் கண்டு சிரிக்காமல் இருக்க முடியாது, அதனால் தண்ணீரைக் கொட்டப் பழகிக்கொள்ளுங்கள். தலையைத் தண்ணீருக்கு மேலே எடுத்து, கீழ் விளிம்பைக் கொஞ்சம் தூக்கினால் வழிந்துவிடும். பதற வேண்டாம். வாயில் குழாய் இருக்கும்வரை மூச்சு இருக்கிறது. இன்றிரவே அந்தக் கோட்டை மழித்துவிட்டுப் படுங்கள். காலையில் மழித்தால் உப்புத் தண்ணீர் எரியும்.

தாழங்குடா (8.30)
பற்பசையும் தேய்த்துவிடுங்கள். இறங்குமுன் உள்பக்கம் துப்பித் தேய்த்து ஒரு தடவை அலசினால் புகார் வராது.

ஆழ்கடல் (8.47)
மீசையை நானும் கேட்டிருக்க வேண்டும். நான் மீசை வைப்பதில்லை, அதனால் அது என் நினைவுக்கு வரவில்லை. நெசவு அக்கா சொன்னதைச் செய்யுங்கள்.

பனிச்சங்கேணி (9.10)
வாவிக்கரை அண்ணன், பத்துப் பேர் என்றால் வருவதாகச் சொன்னீர்கள். அடுத்த போயா (பௌர்ணமி) லீவுக்கு முந்தின சனிக்கிழமை வர முடியுமா? சனம் இல்லாத நாளில் பாறையைக் காட்டுகிறேன்.

கல்லடிக் காற்று (ஞாயிறு, இரவு 7.40)
போய் வந்தோம். கோடு மழித்தேன், தண்ணீர் வரவில்லை. மகள்தான் முதலில் கண்டது, செட்டை நுனி கறுத்த சுறா மூன்று, எங்களைத் திரும்பியும் பார்க்காமல் போயின. படகுக்காரர் பாண் எடுத்தார், வேண்டாம் என்று சொன்னோம், உள்ளே வைத்துவிட்டார். எல்லோருக்கும் நன்றி. முதுகு நன்றாக எரிந்திருக்கிறது, அதற்கு என்ன பூசலாம்?

தாழங்குடா (7.44)
கற்றாழை. ஆனால் முதலில் சொல்லுங்கள், எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், சேர்ட் போட்டிருந்தீர்களா?