“ஒரு போலீஸ்கூட இல்ல” – யாரு காதுல பூ சுத்துறீங்க?

பழைய_காலாங் · இரவு 9.12
நேத்து டிக்கெட் விலை பத்திப் பேசிக்கிட்டிருந்த எடத்துல ஜூரோங்_ரெட் தம்பி போற போக்குல ஒண்ணக் கொளுத்திப் போட்டுட்டுப் போயிட்டாரு. இங்கிலாந்துல இப்ப நிறைய காற்பந்து மேட்சுக்கு ஒரு போலீஸ்கூட கிடையாதாம், சிங்கப்பூர்ல நாமதான் சும்மா ஆளக் கொண்டுவந்து நிறுத்துறோமாம். படிச்சதுலேருந்து மனசே ஆறல எனக்கு. தம்பி, நான் போலீஸ்ல என்எஸ், அதான் கட்டாயத் தேசிய சேவை, பண்ணவன். பழைய தேசிய அரங்கத்துல மலேசியா கிண்ண மேட்சுக்கு டியூட்டி பாத்தவன். கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்த ஒரு கையில வச்சுக்கிட்டு ஜனம் மொத்தமும் காலத் தட்டும், நின்ன எடத்துல தரை அதிரும். அந்தக் கூட்டத்துக்கு முதுகக் காட்டி நிக்கிறது என்னன்னு தெரியுமா உங்களுக்கு? அப்புறம் என் மகன் லீட்ஸ்ல படிச்சப்ப அந்த ஊர் கிளப்போட எல்லண்ட் ரோடு அரங்கத்துக்குப் போயிருக்கேன். வாசல்ல குதிரைப் போலீஸ் ஆறு. எண்ணிப் பாத்தேன், ஆறு. குளிர்ல குதிரை மூக்குலேருந்து ஆவி வருது, கண்ணுக்கு முன்னாடி கண்ணாடித் தடுப்பு மாட்டியிருக்கு, அந்தத் தடுப்பே பனி பூத்த மாதிரி ஆயிடுச்சு. ஒரு போலீஸ்கூட இல்லையாம்!

ஜூரோங்_ரெட் · இரவு 9.31
அண்ணே வணக்கம். கோவப்படாம கேளுங்க. அங்க ஒவ்வொரு மேட்சையும் முன்னாடியே தரம் பிரிக்கிறாங்க. போலீஸ் இல்லாத மேட்சுன்னே ஒரு வகை இருக்கு. அடுத்தது ரசிகர்கள நல்லாத் தெரிஞ்ச போலீஸ், அதான் ஸ்பாட்டர், மட்டும் வர்றது. அப்புறம்தான் ஏ, பி, சி. ஆபத்து கூடக் கூட ஆளு கூடும். பழைய காலத்துல போலீஸ் நின்ன எடத்துல எல்லாம் இப்ப கிளப் வைக்கிற பாதுகாப்பு ஆளுங்க, அதான் ஸ்டூவர்டு, நிக்கிறாங்க. நான் சொன்னது இதத்தான். போலீஸ் இல்லாத மேட்சுன்னு அவங்களே பேரு வச்சிருக்காங்க, நான் என்ன செய்ய?

பழைய_காலாங் · இரவு 9.44
பேரு வச்சா ஆச்சா? ஆறு குதிரை தம்பி. குதிரை மேல ஆளு உக்காந்திருந்துச்சு, அது போலீசா இல்ல கல்யாண மாப்பிள்ளையா?

ஜூரோங்_ரெட் · இரவு 9.50
அது வாசல்ல. அதுவும் ஆபத்து உள்ள மேட்சா இருந்திருக்கும். நான் சொன்னது அரங்கத்துக்கு உள்ள.

பழைய_காலாங் · இரவு 9.53
“உள்ள”ன்னு நேத்து நீங்க எழுதல. நேத்து எழுதுனத அப்படியே போடுறேன்: “நிறைய மேட்சுக்கு ஒரு போலீஸ்கூட கிடையாது”. உள்ளயும் இல்ல வெளியயும் இல்லன்னுதானே அர்த்தம்? இப்ப வந்து உள்ளங்கிறீங்க.

ஈசூன்_டெவில் · இரவு 10.02
லிவர்பூல் ரசிகருங்களுக்கு இது பழக்கம்தான் அண்ணே. மொதல்ல பெருசா சொல்லுவாங்க, அப்புறம் திருத்துவாங்க. போன வருசம் லீக் பத்தி இவரு என்கிட்ட என்ன பேசுனாருன்னு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

ஜூரோங்_ரெட் · இரவு 10.15
டெவில், உங்களுக்கு இதுல வேலையே இல்ல. சரி அண்ணே, லிவர்பூல்காரனாவே பேசுறேன். 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்து ஹில்ஸ்பரோ அரங்கம், லிவர்பூல் – நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அரையிறுதி. அரங்கத்துக்கு மட்டும் 801 போலீஸ். ஊர் முழுக்க சேத்தா ஆயிரத்தத் தாண்டும். 801. என்ன ஆச்சு? வெளிய நெரிசல் தாங்காம 2.52க்கு “சி”ங்கிற வெளிக் கதவத் திறக்கச் சொன்னதே போலீஸ்தான். உள்ள வந்த ஜனம் நேரா நடுவுல இருந்த சுரங்கப் பாதையில எறங்குச்சு, முன்னாடி கம்பி வேலி, பின்னாடி தள்ளு. 97 பேரு போயிட்டாங்க. அன்னிக்குப் பொறுப்புல இருந்த மேலதிகாரி பதவிக்கு வந்து மூணு வாரம்கூட ஆகல. அப்புறம் பழிய ரசிகர்கள் மேலயே போட்டாங்க, சட்டத்துக்குப் புறம்பாக் கொல்லப்பட்டாங்கன்னு விசாரணை ஜூரிகள் சொல்ல 2016 வரைக்கும் ஆச்சு. 801 போலீஸ் அண்ணே. ஆளக் கூட்டுனா பாதுகாப்புன்னு என்கிட்ட சொல்லாதீங்க.

பழைய_காலாங் · இரவு 10.29
செத்தவங்களுக்கு என் அஞ்சலி, அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. ஆனா நீங்க சொன்னதையே திருப்பிப் பாருங்க. அந்தச் சுரங்க வாயில்ல நின்னு “இப்படிப் போகாதீங்க, ஓரத்துல போங்க”ன்னு ஜனத்தத் திருப்பி விட்டிருக்க வேண்டியவன் அன்னிக்கு அங்க இல்ல. அப்ப ஆளு இல்லாமதானே போச்சு? நான் சொல்றதும் அதான். நிக்க வேண்டிய எடத்துல ஆளு நிக்கணும். அப்புறம் இன்னொண்ணு, போலீஸ் கொறஞ்சுதுன்னு நீங்க சொல்றது கொறஞ்சதே இல்ல, வாசலுக்கு வெளிய தள்ளி விட்டுட்டாங்க. ஏன்னு கேளுங்க. காசு. அங்க சட்டப்படி கிளப் தன்னோட எடத்துல, தன் கையில இருக்குற எடத்துல நிக்கிற போலீசுக்கு மட்டும் காசு குடுத்தாப் போதும். லீட்ஸ் கிளப்பு கேஸ் போட்டு 2013ல மேல்முறையீட்டுலயும் ஜெயிச்சுது. 2017ல இப்ஸ்விச்சும் ஜெயிச்சுது, அரங்கத்த ஒட்டி இருக்குற போர்ட்மன் ரோடு பொதுச் சாலை, அங்க நிக்கிற போலீசுக்கு எங்ககிட்ட பில்லு அனுப்பாதன்னு. அப்ப கிளப் என்ன பண்ணும்? உள்ள ஸ்டூவர்டப் போட்டு செலவக் கொறச்சுக்கும். வெளிய நிக்கிற போலீசுக்கு வரி கட்டுறவன் குடுப்பான். 2010க்கு அப்புறம் அந்த நாட்டுல மொத்தப் போலீசுல ஏறக்குறைய 20,000 பேரக் கொறச்சாங்க, பின்னாடி அய்யோன்னு திரும்ப எடுத்தாங்க. அந்தக் கொறஞ்ச ஆளுலேருந்துதான் சனிக்கிழமை சனிக்கிழமை குதிரையோட வந்து நின்னாங்க. ஆறு குதிரை.

மதுரை_டு_உட்லண்ட்ஸ் · இரவு 10.36
ஜெர்மனியில இது வேற மாதிரி சார். பிரெமன் – ஹாம்பர்க் மேட்சு 2015ல, கூடுதல் போலீசுக்கு நாலு லட்சம் யூரோவுக்கு மேல லீக்குக்கே பில்லு அனுப்பிட்டாங்க. பத்து வருசம் இழுத்து 2025 ஜனவரியில அரசியல் சட்ட நீதிமன்றமே அது சரின்னு சொல்லிருச்சு. இன்னொண்ணு கேக்கணும், போன வாரம் என் பதிவுல வந்து “காற்பந்து”ன்னு எழுதுங்கன்னு திருத்துனீங்களே, ஊர்ல நாங்கல்லாம் கால்பந்துன்னுதான் சொல்லுவோம்.

பழைய_காலாங் · இரவு 10.41
கால், பந்து சேந்தா காற்பந்து. நம்ம ஊரு செய்தியில அப்படித்தான் வாசிக்கிறாங்க, ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. இதுல நான் யார்கிட்டயும் அனுமதி கேக்கணும்னு இல்ல.

மதுரை_டு_உட்லண்ட்ஸ் · இரவு 10.44
கால்சட்டைய காற்சட்டைன்னா சொல்றீங்க?

பழைய_காலாங் · இரவு 10.46
ஆமா, சொல்றோம்.

பொங்கோல்_ராணி · இரவு 10.58
நான் ஒண்ணு சொல்லலாமா. காலாங் தேசிய அரங்கத்துல ஈவென்ட் நாள்ல பகுதி நேரமா வேலை பாக்குறவ நான். 2023ல லிவர்பூல் – பயர்ன் ஆட வந்தப்ப நின்னேன். நீங்க ரெண்டு பேரும் ஸ்டூவர்டு ஸ்டூவர்டுன்னு பேசுறீங்களே, அது என்னை மாதிரி ஆளு. பையத் திறந்து பாக்கணும், தண்ணி போத்தல வாங்கி வைக்கணும், படியில உக்காந்தவன எழுப்பணும். ஒருத்தர் குடிச்சிட்டு வந்து “நீ என்ன போலீசா”ன்னு கையத் தட்டி விட்டாரு. துணைப் போலீஸ், அதான் அரசாங்கப் போலீசா இல்லாம நிறுவனத்துக்கு வேலை பாக்குற சீருடைக்காரங்க, ரெண்டு பேரு பத்தடி தள்ளி நின்னாங்க, திரும்பிப் பாத்தாங்க, அவ்வளவுதான், அந்த ஆளு பூனை மாதிரிப் போய் உக்காந்துட்டாரு. சீருடை எத்தனைங்கிறத விட கூப்பிடு தூரத்துல இருக்கான்னுதான் எனக்கு முக்கியம். துணைப் போலீச நீங்க போலீஸ் கணக்குல சேப்பீங்களா மாட்டீங்களா, அத மொதல்ல சொல்லுங்க அண்ணே.

ஜூரோங்_ரெட் · இரவு 11.07
அந்த மேட்சுக்கு நானும் வந்தேன், 3–4ன்னு தோத்தோம். அண்ணே, 801க்கு நீங்க இன்னும் நேரா பதில் சொல்லல. 2022 அக்டோபர் 1, இந்தோனேசியாவுல மாலாங், கஞ்சுருஹான் அரங்கம். நமக்குப் பக்கத்து நாடு. மேட்சு முடிஞ்சு ரசிகர்கள் மைதானத்துல எறங்குனதும் போலீஸ் இருக்கைப் பக்கமே கண்ணீர்ப்புகை அடிச்சுது, அரங்கத்துல கண்ணீர்ப்புகை எடுத்துட்டே வரக்கூடாதுன்னு ஃபிஃபா விதியே இருக்கு. கதவுப்பக்கம் நெரிஞ்சு 135 பேரு போயிட்டாங்க. அங்கயும் போலீசுக்கா பஞ்சம்?

பழைய_காலாங் · இரவு 11.19
அது ஆளு நிறைய இருந்ததுனால இல்ல தம்பி, புகைய அடிச்சதுனால. ரெண்டும் ஒண்ணா? கத்தி சரியில்லன்னா சமையலையே நிறுத்திருவீங்களா? பாரிசுல 2024 நவம்பர்ல பிரான்ஸ் – இஸ்ரேல் மேட்சு, ஊரு, ரயிலு, அரங்கம்னு 4,000 போலீஸ், அரங்கத்துல பெரும்பகுதி காலியாக் கெடந்துச்சு. தேவைன்னு தோணுனா போடுறாங்கல்ல? நம்ம ஊர்லயும் 2017ல பொது ஒழுங்குச் சட்டத்தத் திருத்தி, பெரிய கூட்டம் வர்ற நிகழ்ச்சின்னா ஏற்பாட்டாளரு முன்கூட்டியே போலீசுக்குச் சொல்லணும்னு வச்சாங்க. யாருக்காக? உங்களுக்கும் எனக்கும். 1994ல கிண்ணம் ஜெயிக்கப் போன அந்த சீசன்ல காலாங்குக்கு வந்த குடும்பம் எல்லாம் கைக்குழந்தையோட வந்துச்சு, அத்தனை பேரும் பத்திரமா வீட்டுக்குப் போனாங்க. அது சும்மா நடக்கல. ஆளு நின்னதுனால நடந்துச்சு. நான் அந்த எடத்துல நின்னவன், நீங்க டிவியில பாத்தவரு.

ஜூரோங்_ரெட் · இரவு 11.24
94ல நீங்க என்எஸ் முடிச்சு எத்தன வருசம்? டியூட்டி பாத்தேன்னு சொன்னது 80கள்ல இல்லையா?

பழைய_காலாங் · இரவு 11.26
94ல டிக்கெட் வாங்கிப் போனேன். போலீஸ் வேலை தெரிஞ்ச கண்ணோட போனேன். என் வயசப் பத்திப் பேச வேணாம்.

ஈசூன்_டெவில் · இரவு 11.33
ரெட், போன அக்டோபர்ல இந்தியா வந்து காலாங்ல 1–1ன்னு டிரா ஆச்சே, அன்னிக்கு நீங்க எந்தப் பக்கம் கை தட்டுனீங்கன்னு இங்க சொல்லிருங்களேன்.

ஜூரோங்_ரெட் · இரவு 11.35
சிங்கப்பூருக்கு. கோவாவுல 2–1ன்னு ஜெயிச்சப்பயும் சிங்கப்பூருக்குத்தான். இதுக்கும் போலீசுக்கும் என்ன சம்பந்தம்? வேணும்னே இழுக்குறீங்க.

மதுரை_டு_உட்லண்ட்ஸ் · இரவு 11.40
நான் இந்தியாவுக்குத்தான் தட்டுனேன், பக்கத்துல உக்காந்திருந்த சிங்கப்பூர் தாத்தா எனக்கு கோப்பி வாங்கிக் குடுத்தாரு. ஒரு போலீசும் தேவைப்படல.

பழைய_காலாங் · இரவு 11.48
தேவைப்படலன்னா இல்லன்னு அர்த்தமா? இருந்துச்சு, அதனால தேவைப்படல. இதத்தான் சாயங்காலத்துலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன். ஜூரோங்_ரெட் தம்பி “ஒரு போலீஸ்கூட கிடையாது”ன்னு எழுதுனது தப்பு. ஒரே வார்த்த, தப்புன்னு சொல்லிட்டா நான் போய்ப் படுத்துருவேன்.

பொங்கோல்_ராணி · இரவு 11.52
துணைப் போலீஸ் கணக்குல உண்டா இல்லையான்னு கேட்டேன். ரெண்டு பேரும் சொல்லல.

ஜூரோங்_ரெட் · இரவு 11.57
தப்பு இல்ல. அந்த வகைக்குப் பேரே அதான். 801 அண்ணே, 801.

பழைய_காலாங் · நள்ளிரவு 12.10
மகன்கிட்ட அன்னிக்கு எடுத்த போட்டோவக் கேட்டிருக்கேன். அங்க இப்ப சாயங்காலம், வேலை விட்டு வந்ததும் அனுப்புறேன்னு சொன்னான். வந்ததும் போடுறேன். ஆறு குதிரை. நீங்களே எண்ணிக்குங்க.

ஜூரோங்_ரெட் · நள்ளிரவு 12.13
போடுங்க. குதிரை வாசலுக்கு வெளியதானே நிக்கும்.