மறுமொழி: ‘கீமேப்’ விசைவரைபடமா, விசை ஒதுக்கீடா?

அனைவருக்கும் வணக்கம். விசைப்பலகையின் எந்த விசைக்கு என்ன வேலை என்று சொல்லும் ‘கீமேப்’புக்குத் தமிழில் என்ன பெயர் என்று குழுவில் நடக்கும் உரையாடலுக்கு என் மறுமொழி இது.

> ‘விசைவரைபடம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

அப்படிப் பொருந்துவதுதான் எனக்கு வந்த வினை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமைதோறும் ஆறேழு பிள்ளைகள் எங்கள் மண்டபத்தில் கூடிச் சொந்தமாக விசைப்பலகை செய்கிறார்கள். ஈயப் பற்றவைப்பு முடிந்ததும் கியூஎம்கே நிலைபொருளைத் திறப்போம், அதாவது பலகையின் சில்லுக்குள் (சிப்) ஓடும் மென்பொருளை. போன வாரம் ஒரு பையனிடம், “விசைவரைபடத்தில் கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்று” என்றேன். அவன் படத்தைத் தேடிப் போய்விட்டான். ‘கீபோர்டு.ஜேசன்’ கோப்பில் ஒவ்வொரு விசைக்கும் எக்ஸ், ஒய் என்று இட எண்கள் இருக்கின்றன. படம் என்றால் அதுதானே? அவற்றை மாற்றினான். தொகுப்பு (கம்பைல்) பிழையின்றி முடிந்தது. கேப்ஸ் லாக் கேப்ஸ் லாக்காகவே இருந்தது. முக்கால் மணி நேரம் போயிற்று. தவறு அவனுடையதன்று, என் சொல்லினுடையது.

கியூஎம்கேயில் மூன்று வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன. புதியவர் முதலில் பிரித்தறிய வேண்டியவை இவை மூன்றும்தான். ‘கீபோர்ட்ஸ்’ கோப்புறையில் ஒவ்வொரு பலகைக்கும் ஓர் உறை. அதற்குள் இருக்கும் ‘கீபோர்டு.ஜேசன்’ (பழைய பலகைகளில் ‘இன்ஃபோ.ஜேசன்’) இரண்டு செய்திகளைச் சொல்கிறது: கம்பிகள் சில்லின் எந்தக் கால்களில் சேர்கின்றன என்பது ஒன்று, விசைகள் பலகையில் எங்கெங்கே கிடக்கின்றன என்பது மற்றொன்று. மூன்றாவது பொருள், அதாவது எந்த விசைக்கு என்ன வேலை என்பது, ‘கீமேப்ஸ்’ உள்ளுறையில் ‘கீமேப்.சி’ கோப்பில் தனியாக இருக்கிறது. நிலைபொருளின் மையப்பகுதியான ‘குவாண்டம்’, ‘டிஎம்கே_கோர்’ உறைகளை முதல் மாதம் தொடவே வேண்டாம் என்பது என் கட்டளை. பிள்ளைகள் அதையும் மீறுகிறார்கள்.

கம்பிப் பின்னலுக்கு ‘அணி’ (மேட்ரிக்ஸ்) என்ற கணிதச் சொல் போதும். 64 விசைகளுக்கு ஆளுக்கொரு கம்பி இழுத்தால் 64 கால் வேண்டும். எட்டு நிரை, எட்டு நெடுவரிசையாகப் பின்னினால் 16 போதும். வழக்கமான டையோடு (மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் உறுப்பு) திசையில் நிலைபொருள் ஒரு நிரையின் மின்னழுத்தத்தை இறக்கி, எந்தெந்த நெடுவரிசை சேர்ந்து இறங்குகிறது என்று பார்த்துவிட்டு அடுத்த நிரைக்குப் போகும். ‘நிரை’யை விளக்கவே தேவைப்படவில்லை. தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா, கங்காணி நிரை நிரையாக நடந்து பார்ப்பதை வீட்டில் கேட்டிருக்கிறார்கள். ஆனால் நெடுவரிசைக்குப் பாடநூல் சொல்லும் ‘நிரல்’ இங்கே ஆகாது, புரோகிராமுக்கும் அதே சொல்தான். நிரலில் நிரலை வரையறுத்தால் யாருக்குப் புரியும்? ‘நெடுவரிசை’ நீளம்தான், இருக்கட்டும்.

விசைகள் கிடக்கும் இடத்துக்கு (லேயவுட்) ‘விசைக்கிடப்பு’ என்கிறேன். ‘விசைப்பலகை அமைப்பு’ என்று எழுதும் நண்பர்களுக்கு ஒரு கேள்வி: தமிழ்99-ஐயும் நாம் விசைப்பலகை என்றுதானே அழைக்கிறோம்? 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றது எழுத்துகளின் இடவமைவை. மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன பலகையை அன்று. இந்தக் குழப்பத்தில் ஒரு மாணவி தமிழ்99-ஐக் ‘கீமேப்.சி’யில் எழுதத் தொடங்கினாள். ‘எச்’ விசையை அழுத்தினால் பலகை கணினிக்கு அனுப்புவது யூஎஸ்பி தரத்தின் 11 என்ற எண்ணை மட்டுமே. அதைக் ‘க’ ஆக்குவது கணினியில் இருக்கும் தமிழ்99 உள்ளீட்டு முறை. பலகைக்குத் தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது.

ஆகவே ‘கீமேப்’புக்கு என் பரிந்துரை ‘விசை ஒதுக்கீடு’.

> ஒதுக்கீடு என்றதும் வரவு செலவுத் திட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

வரட்டும் ஐயா. ‘நினைவக ஒதுக்கீடு’ ஏற்கெனவே நம் துறையில் புழங்குகிறது, அதைப் படிக்கும்போது யாரும் நிதியமைச்சரை நினைப்பதில்லை. மேலும் இந்தச் சொல்லுக்கு வினை உண்டு. கண்ட்ரோலை இங்கே ஒதுக்கு, இதை இரண்டாம் அடுக்கில் (அதே விசைகளுக்கு வேறு வேலை தரும் லேயர்) ஒதுக்கியிருக்கிறேன் என்று வாய் தடையின்றிப் பேசுகிறது. வேலை எதுவும் இல்லாத விசைக்கு இடும் ‘கேசி_நோ’ என்பது ‘ஒதுக்காத விசை’ என்று தானாகவே வந்து விழுகிறது. வரைபடத்தை வைத்துக்கொண்டு எந்த வினையைச் செய்வது?

மண்டபத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர், நாங்கள் மல்லுக்கட்டுவதைக் கேட்டுவிட்டு, “அட, இது பிரட்டுத்தானே!” என்றார். விடியலில் பிரட்டுக்களத்தில் ஆளுக்கு இன்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பார்களே, அது. பொருள் அவ்வளவு கச்சிதம்! தோட்டத்துக்கு வெளியே புரியாது என்பதால் மட்டுமே மனமில்லாமல் விட்டுவிட்டேன்.

‘கேசி_டிஆர்என்எஸ்’ (டிரான்ஸ்பரன்ட்) ஒன்று மிச்சம். மேலடுக்கில் அதை வைத்தால் தேடல் கீழே இயக்கத்தில் இருக்கும் அடுக்குக்கு இறங்கும். ‘ஒளிபுகு விசை’ என்று முன்பு எழுதியது நான்தான். திரும்பப் பெறுகிறேன், அங்கே ஒளியே இல்லை. ‘வழிவிடு விசை’ எப்படி? சனிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் கையேட்டில் அச்சிட்டுவிடுவேன், முப்பது படிதான்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து