நாள் தள்ளிப்போவதற்கு முன்பே ஒரு தடவை வாருங்கள்

நான் கிராம சுகாதார செவிலியர். ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் புதுப்பெண்கள் தாய் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மாமியார் பக்கத்தில் இல்லாமல் அவர்களோடு நிதானமாகப் பேச எனக்குக் கிடைக்கிற மாதம் அது. "இன்னும் எதுவும் நிக்கலையே அக்கா, ஏதாவது குறை இருக்குமா?" என்பதுதான் முதல் கேள்வி. கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. குழந்தை உண்டாவதற்கு முன் தான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

குழந்தையின் மூளை, தண்டுவடக் குறைகளைத் தடுக்க உதவும் வைட்டமின் மாத்திரையான ஃபோலிக் ஆசிட் பற்றிச் சொன்னால், "மாசமானதும் நீங்களே தருவீங்களே, அப்போ போட்டுக்கிறேன்" என்பார்கள். ஆனால் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், கிட் வாங்கிப் பார்த்து, வீட்டில் சொல்லி, எங்களிடம் பதிவுக்கு வருவதற்குள் பெரும்பாலும் அது முடிந்துபோயிருக்கும். அதனால்தான் கரு உண்டாவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறோம். வலிப்பு, சர்க்கரை உள்ளவர்களுக்கு அளவு கூடலாம், அதை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும்.

போன ஆடியில் பார்த்த ஒரு பெண்ணை மறக்க முடியவில்லை. வலிப்பு இருப்பதைப் புகுந்த வீட்டில் சொல்லாமல், மாத்திரையைச் சேலைக்கு அடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அது வால்ப்ரோயேட். கருவின் தண்டுவடத்தையே பாதிக்கக்கூடியது. அவள் அம்மாவோ, பிள்ளை வேண்டுமென்றால் எல்லா மாத்திரையையும் நிறுத்து என்கிறார். திடீரென்று நிறுத்தினால் அவள் உயிருக்கே ஆபத்து. கையோடு நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கொஞ்சம் கொஞ்சமாக வேறு மருந்துக்கு மாற்றினார். கணவரிடம் அவளே சொன்னாள். அவர் கோபப்படவில்லை என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

புதுசாகக் கல்யாணமானவர்கள் பெயரெல்லாம் எங்கள் தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில், அதாவது குழந்தை பெறும் வயதில் உள்ள தம்பதிகளின் பட்டியலில் இருக்கிறது. அதை வைத்துக் குழந்தையைத் தள்ளிப்போடுவது பற்றி மட்டும் பேசினால் போதாது என்பேன். உங்கள் ஊர் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

பதில்: அக்கா, எனக்கு 27 வயது. 2017இல் பள்ளிகளில் ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசி போட்டபோது 15 வயதுக்குள் இருந்தவர்களுக்குத்தான் கொடுத்தார்கள், நான் அதைத் தாண்டிவிட்டேன். குழந்தைக்குத் திட்டமிடுகிறோம் என்றதும் டாக்டர் இதைத்தான் முதலில் விசாரித்தார். வீட்டில் "கல்யாணத்துக்கு அப்புறம் எதுக்கு ஊசி?" என்று ஒரே பேச்சு. போட்டுக்கொண்டேன், குழந்தையை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

பதில்: ரொம்ப நல்லது தங்கச்சி. கர்ப்பமான பிறகு அந்த ஊசியைப் போடமுடியாது, கர்ப்பத்தில் வந்தால் குழந்தையின் கண், காது, இதயத்தைக் கெடுக்கிற நோய் ருபெல்லா. இந்த ஒரு மாதத்தில் ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். 12க்குக் கீழே இருந்தால் இப்போதே இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பிக்கலாம். தைராய்டு, சர்க்கரையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள்.