பிளீச்சிங் போட்ட குட்டையில் விப்ரியோ எங்கிருந்து வந்தது?

கிள்ளைப் பண்ணையாளர்:
உப்பங்கழித் தண்ணீரை ஏற்றி, பிளீச்சிங் பவுடர் போட்டு, ஆய்வகத்தில் சோதித்தேன். இறாலுக்கு நோய் தரும் விப்ரியோ பாக்டீரியா பூஜ்யம் என்று அறிக்கை வந்தது. வனாமி இறால் குஞ்சு விட்ட மூன்றாவது வாரம் குட்டைத் தண்ணீர் இரவில் மினுங்குகிறது, இறால் கரையோரம் ஒதுங்கிச் சாகிறது. நோய் குஞ்சோடுதான் வந்திருக்கிறது. தண்ணீர்மேல் பழி போடாதீர்கள். கடல் உப்பையும் வெயிலையும் தாண்டி எந்தக் கிருமி பிழைக்கும்?

பரங்கிப்பேட்டை மாணவி:
ஐயா, உப்பில் சாவது சாக்கடைக் கிருமி. பெரும்பாலான விப்ரியோவுக்கு உப்பு இல்லாவிட்டால்தான் பிழைப்பில்லை. இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் உள்ள கைட்டின் என்ற கெட்டிப் பொருளைத் தின்றே வாழக்கூடியது அது. பூஜ்யம் என்றால் ஆய்வகத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் தட்டில் எதுவும் முளைக்கவில்லை, அவ்வளவுதான். காலரா விப்ரியோ கடல்நீரில் உயிரோடு இருந்தும் தட்டில் வளராமல் போகும் என்பதை அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கால்வெல்லின் குழு 1982இலேயே காட்டிவிட்டது.

கிள்ளைப் பண்ணையாளர்:
அதெல்லாம் குளிரில் கிருமி ஒடுங்கும் குளிர்நாட்டுக் கதை. நம் கழியில் ஏதம்மா குளிர்?

பரங்கிப்பேட்டை மாணவி:
பட்டினியும் குளோரினும் போதும், அது அப்படி ஒடுங்கிவிடும். உங்கள் உறிஞ்சு குழாயின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். பழுப்பாக, வழுவழுவென்று ஒட்டும். அந்தப் படலத்துக்குள் இருப்பவற்றைக் குளோரின் எளிதில் தொடாது. வெளியே மிதந்த நல்ல நுண்ணுயிர்களை மட்டும் கொன்றுவிட்டு, அடுத்த நாளே தீவனம் போடுகிறீர்கள். போட்டிக்கு ஆளில்லாத தண்ணீரில் முதலில் பெருகுவது விப்ரியோதான். சூழல் வாய்த்தால் அதில் சில வகைகள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இரட்டிக்கும். அதனால்தான் ஏற்றிய நீரைத் தேக்கக் குட்டையில் சில நாள் பழகவிட்டு எடுக்கச் சொல்கிறோம்.

வெள்ளாற்றங்கரைக்காரர்:
தேக்கக் குட்டை மட்டும் போதுமா? ஒருவர் செத்த இறாலோடு மடையைத் திறந்துவிடுகிறார், அதே வாய்க்காலில் அடுத்தவர் மோட்டார் போடுகிறார். 2009 வாக்கில் சீனாவில் தலைகாட்டிய, இறாலின் இளம்பருவச் சாவு என்ற நோய் வியட்நாம், தாய்லாந்து என்று பரவி முடிந்த பிறகு, 2013இல்தான் அதன் காரணம் ஒரு விப்ரியோ என்று அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். அதுவரை மடையைத் திறந்தவர்களுக்கு எதைத் திறந்துவிடுகிறோம் என்றே தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தும் திறக்கிறோம்.

கிள்ளைப் பண்ணையாளர்:
குத்தகை நிலத்தில் தேக்கக் குட்டைக்கு இடம் ஒதுக்கினால் விளைச்சல் குறையும், குத்தகை குறையாது. இதை யாரும் பேசுவதில்லை. மடை விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், நான் திறக்கவில்லை. குழாயில் ஒட்டியதைச் சுரண்டிச் சோதனைக்குக் கொடுக்கிறேன். மிச்சமிருக்கும் குஞ்சையும் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்குத் தருகிறேன். முடிவு வரும்வரை குஞ்சு கொடுத்தவருக்குப் பாக்கிப் பணம் கிடையாது.